டோலக் அடி ஒன்றின் பயணம்

வடசென்னை மெட்ரோ தடம் முடியும் இடத்தருகே விம்கோ நகர் என்றொரு நிலையம் இருக்கிறது. விம்கோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. திருவொற்றியூரில் அதன் ஆலை இருந்ததால் சுற்றுவட்டாரத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. கானா பாடுகிறவர்களுக்குத் தீப்பெட்டி அடுப்புக்கு மட்டுமான பொருள் அல்ல. டோலக் கைவசம் இல்லாவிட்டால் இரண்டு விரலால் பெட்டியைத் தட்டியே பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். குச்சி நிறைந்த பெட்டி மந்தமாகக் கேட்கும்; பாதி தீர்ந்த பெட்டிக்குத்தான் குரல் உண்டு.

அந்தத் தட்டல் இப்போது வேறொரு வழியாகவும் போகிறது. டேப்லட் கண்ணாடியில் விரல் படுகிறது. அந்த அடி ஒரு வயரில் ஏறி லேப்டாப்புக்குள் இறங்கி, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஒரு சின்னக் கட்டமாகப் பதிந்து, ஸ்பீக்கரில் டோலக்காகக் கேட்கிறது. விரலுக்கும் காதுக்கும் நடுவே ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் முப்பதில் ஒரு பங்கு. எல்லாம் சரியாக இருந்தால்! சரியாக இல்லாத ராத்திரிகள்தான் அதிகம்.

டோலக் அடிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் கண்ணாடியைத் தட்டுவானேன்? ராயபுரத்து மாடி அறை ஒன்றில் மைக் வைத்து டோலக்கைப் பதிய முயன்றவர்களுக்கு விடை தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் ஒரு பக்கம், கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி இழுபடும் சத்தம் ஒரு பக்கம், கீழ்வீட்டு மிக்சி ஒரு பக்கம். மைக்குக்கு எது பாட்டு, எது லாரி என்று தெரியாது. பாடுகிற குரலுக்காவது வாயருகே மைக்கைப் பிடித்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஜன்னலை அடைத்துச் சமாளிக்கலாம். டோலக்குக்கு அது நடக்காது. அது அறையையே நிறைக்கிற வாத்தியம். பத்துக்குப் பத்து அறையின் சுவரெல்லாம் அதோடு சேர்ந்து முழங்கும். கடற்காற்று வேறு தோலைத் தளர்த்திவிடும். அந்த நேரத்தில், கூட வாசிக்கும் சட்டி மேளத்தைத் தீயில் காட்டி ஏற்ற உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆகவே குரல் மைக்கில், தாளம் கண்ணாடியில் என்று வேலை பிரிந்தது. கொள்கை, கோட்பாடு எதுவும் இதில் இல்லை. அக்கம்பக்கத்துச் சத்தம் செய்த முடிவு இது.

கண்ணாடிக்குள் பிறந்த அடிக்கு உடம்பு மூன்று எண்கள்தான். முதல் எண் 'ஒரு சுரம் தொடங்குகிறது, இன்ன சானலில்' என்று சொல்லும். இரண்டாவது எந்தச் சுரம் என்று சொல்லும்: 0 முதல் 127-க்குள் ஒன்று. மூன்றாவது எவ்வளவு வேகமாக அடித்தாய் என்பது. அதுவும் 127 வரைதான். கையை எடுத்ததும் இன்னொரு மூன்று எண் கிளம்பும். இதுதான் மிடி. துறைமுகத்தில் வேலை செய்கிறவருக்குச் சொன்னால் உடனே பிடிபடும்: சரக்கு வராது, சரக்குச் சீட்டு மட்டும் வரும். சீட்டைப் பார்த்து இந்தப் பக்கம் இருக்கிற லேப்டாப் தன் கிடங்கிலிருந்து, முன்பே பதிந்துவைத்த டோலக் சாம்பிளை எடுத்து வாசிக்கும். பதிந்த பிறகும் டோலக்கைத் தூக்கிவிட்டுப் பறையை வைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், தப்பாக விழுந்த ஓர் அடியை மட்டும் நகர்த்தலாம். எல்லாம் சீட்டாக வந்ததால் கிடைக்கும் வசதி.

இந்தச் சீட்டு முறைக்கு வயது நாற்பதுக்கு மேல். அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று போட்டிக் கம்பெனிகளை ஒரு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஒருவர் கம்பெனி கீபோர்டை வாசிக்க மற்றவர் கம்பெனி கீபோர்டு ஒலித்தது. இதற்காக இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். காப்புரிமைக் கட்டணம் எதுவும் கேட்காமல் முறையை ஊருக்கே விட்டார்கள் என்பதுதான் என் கணக்கில் அதைவிடப் பெரிய செய்தி. அதனால்தான் இன்றைக்கு எந்தக் கம்பெனி டேப்லட்டும் எந்தக் கம்பெனி சாஃப்ட்வேரோடும் பேச முடிகிறது.

அன்றைய வயரின் முனையில் ஐந்து பின் இருக்கும், வேலை செய்வது மூன்றுதான். விநாடிக்கு 31,250 பிட். மூன்று எண் கொண்ட ஓர் அடி கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. இன்னொரு புத்திசாலித்தனமும் அதில் இருந்தது: வாங்குகிற கருவியின் வாசலில் ஒரு குட்டி விளக்கும் அதைப் பார்க்கும் ஒரு கண்ணும் வைத்தார்கள். மின்சாரம் நேராகத் தொடாது, ஒளியாகத்தான் செய்தி தாண்டும். அதனால் ஒரு கருவியின் எர்த் கோளாறு இன்னொன்றுக்குள் இரைச்சலாகப் புகாது.

மிடி கோடம்பாக்கத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியையும், சுரங்களை வரிசையாகப் பதிந்து தானே வாசிக்கும் சீக்வென்சரையும் பயன்படுத்தினார். 1989-ல் ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டருகே பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். கோடம்பாக்கத்திலிருந்து ராயபுரம் பத்து கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பத்து கிலோமீட்டரைத் தாண்டி ஒரு சாதாரண வீட்டு மாடிக்கு வர மிடிக்கு இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. கீபோர்டின் விலை அப்படி. நடுவில் கானா, கேசட்டாகப் பரவிக்கொண்டிருந்தது. கானாவுக்குள் தங்கிவிட்ட ஒரு வெளிநாட்டு வாத்தியம் புல்புல்தாரா. 1912-ல் ஜப்பானின் நகோயாவில் கோரோ மோரிதா என்பவர் தட்டச்சுப் பொறியைப் பார்த்துச் செய்த தைஷோகோட்டோதான் நம் பக்கம் வந்து புல்புல்தாரா ஆனது. பட்டனைத் தட்டினால் சுரம் வரும் வாத்தியம் கானாவுக்குப் புதிதல்ல என்று சொல்லவே இதை இங்கே நுழைத்தேன்.

2010-ல் ஐபேட் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த ஐஓஎஸ் 4.2 அதற்கு மிடி பேசக் கற்றுக்கொடுத்தது. அடுத்த மார்ச்சில் கராஜ்பேண்ட் என்ற இசை ஆப் ஐபேடுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு இதே பாடத்தைப் படிக்க 2015-ல் மார்ஷ்மெல்லோ பதிப்பு வரும்வரை ஆயிற்று.

கண்ணாடியோடு ஒரு சிக்கல் உண்டு. தோல், அடித்த பலத்தை அறியும். கண்ணாடிக்கு விரல் பட்டதா, எங்கே பட்டது என்பது மட்டும்தான் தெரியும். கராஜ்பேண்ட் செய்த தந்திரம் அழகானது: டேப்லட் எவ்வளவு அதிர்ந்தது என்று உள்ளே இருக்கும் அசைவு உணரியைக் கேட்டு, அதை வைத்து அடியின் பலத்தை ஊகித்தது. மேசையில் வைத்துத் தட்டினால் ஒரு மாதிரியும் மடியில் வைத்துத் தட்டினால் வேறு மாதிரியும் வரும். இன்னும் சில ஆப்களில் கட்டத்தின் கீழ்ப்பக்கம் தட்டினால் மெதுவான அடி, மேல்பக்கம் தட்டினால் பலமான அடி. டோலக் வாசித்துப் பழகிய கை முதல் நாள் இதற்குத் திணறும். இடது கை உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்திச் சறுக்கி எழுப்பும் அந்த 'கூம்' கண்ணாடியில் வரவே வராது. அதை ஒரு தனிக் கட்டமாக வைத்திருப்பார்கள். சறுக்கல் ஒரு பட்டனாகிவிட்டது, வேறு வழியில்லை. தவிரவும், சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறைதான் விரலைத் தேடும் என்று வைத்துக்கொண்டால், பயணம் தொடங்கும் முன்பே 16 மில்லி விநாடிவரை போய்விடும். 120 முறை தேடும் திரையில் இது பாதியாகும்.

இனி வழி. வழிகள் மூன்று: காற்றில் வைஃபை, காற்றில் புளூடூத், தரையில் வயர்.

வைஃபை வழிக்கு அடிப்படை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லசாரோவும் வாவ்ரினெக்கும் எழுதிய நெறிமுறை. நடுவழியில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் அடுத்த பொட்டலத்தில் பழைய கணக்கின் சுருக்கம் இருக்கும். நின்றிருக்க வேண்டிய சுரம் நிற்காமல் ஊளையிடுவதை அது தடுக்கும். விண்டோஸ்காரர்கள் இதற்கு டோபியாஸ் எரிக்சன் எழுதிய ஆர்டிபி-மிடி என்ற இலவச நிரலைப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒட்டி ஒட்டி வீடு இருக்கும் தெருவில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர் நிற்கும். எல்லாரும் ஒரே காற்றில் பேசுகிறார்கள். ஓர் அடி 3 மில்லி விநாடியில் வரும், அடுத்தது 20-ல் வரும். ஒரே அளவு தாமதம் என்றால் கை பழகிக்கொள்ளும், சாஃப்ட்வேரிலும் மொத்தமாக முன்னே தள்ளிவிடலாம். முன்பின்னாக ஆடுகிற தாமதத்தை எதைக்கொண்டும் சரிசெய்ய முடியாது. தாளக்காரனின் கை விட்ட இடைவெளி எது, காற்று விட்ட இடைவெளி எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

புளூடூத் மிடி ஐபேடுக்கு 2014-ல் வந்தது. ஒவ்வொரு அடியின்மேலும் நேர முத்திரை குத்தி அனுப்புகிறது என்பதால் கீபோர்டு வாசிக்கப் போதும். டோலக்குக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். இதைவிடப் பொதுவான தப்பு, மிடியை ஒழுங்காக வயரில் அனுப்பிவிட்டு, கேட்பதற்குக் காதில் புளூடூத் மாட்டிக்கொள்வது.

"ண்ணா, கை ஒரு பக்கம் போவுது, சவுண்டு ஒரு பக்கம் வருது."

"மொதல்ல காதுல கீறத கழட்டுடா."

அந்த இயர்போன் நூறு, இருநூறு மில்லி விநாடி சாப்பிட்டுவிடும். படம் பார்க்கும்போது அது தெரியாது, ஏனென்றால் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டுகிறார்கள். நாம் தட்டும் விரலை யாரும் தாமதிக்க முடியாதே.

வயர்தான் என் ஓட்டு. அதிலும் ஊர் இரண்டு. ஐபேடும் மேக்கும் வைத்திருப்பவருக்குப் பாதை சுலபம்: சார்ஜ் வயரைச் செருகி, மேக்கின் ஆடியோ மிடி செட்டப் ஜன்னலில் ஐபேடுக்குப் பக்கத்து 'எனேபிள்' பட்டனைத் தட்டினால் சீட்டும் வரும், சரக்கும் வரும். அதாவது மிடியோடு டேப்லட்டின் சத்தமே டிஜிட்டலாக இறங்கும். விண்டோஸுக்கு இந்தச் சலுகை இல்லை. ஸ்டூடியோமக்ஸ் போன்ற ஆப்கள் தனியாக ஒரு பாலம் போட்டுக் கொடுத்தன. நம் பக்கத்து மாடி அறைகளிலோ பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப். அதில் ரெக்கார்டிங்குக்கு எஃப்எல் ஸ்டூடியோவோ கியூபேஸோ இருக்கும். அதனோடு ஆண்ட்ராய்டு டேப்லட் சேரும்போது செய்ய வேண்டியது ஒன்றே: வயரைச் செருகியதும் மேலே வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தட்டி, 'சார்ஜ்', 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' எல்லாம் தாண்டி 'மிடி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலருக்கு அந்த வரி அங்கே இருப்பதே தெரியாது. தேர்ந்தெடுத்தும் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை என்றால், வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். விலை மலிந்த வயர் சிலதில் சார்ஜ் ஏற்றும் இரண்டு கம்பி மட்டும் இருக்கும், தகவல் போகும் கம்பியே இருக்காது. அது நல்ல வயராக இருந்தாலும் கடலோர உப்புக் காற்றில் முனை பச்சை பூத்துவிடும். வருடக்கணக்கில் செருகியே கிடந்த முனையை ஒருமுறை பிடுங்கிப் பார்த்தால் தெரியும்.

யுஎஸ்பி வந்ததில் ஒன்று தொலைந்தது. ஐந்து பின் காலத்தில் வாசலில் வைத்த அந்த விளக்கும் கண்ணும் இதில் இல்லை. மின்சாரம் நேராகத் தொடுகிறது. லேப்டாப் சார்ஜில் இருக்க, டேப்லட்டின் ஹெட்போன் துளையிலிருந்து இன்னொரு வயர் போட்டுச் சத்தத்தையும் எடுக்கப் பார்த்தால் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சேர்ந்து வரும். சார்ஜரைப் பிடுங்கினால் சட்டென்று நின்றுவிடும். பேட்டரி தீர்வதற்குள் டேக் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

லேப்டாப்புக்குள் நுழைந்த அடி உடனே ஒலிப்பதில்லை. சத்தத்தை மொத்தமாகச் சேர்த்துச் சேர்த்து அனுப்பும் பஃபர் வரிசையில் நிற்கும். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், பஃபர் 512 என்று வைத்தால் 10.7 மில்லி விநாடி, 128 என்றால் 2.7. அப்படியானால் சின்னதாகவே வைக்கலாமே? பழைய லேப்டாப் மூச்சு வாங்கிக் 'கிர்ர் கிர்ர்' என்று கிழியும். விண்டோஸின் சொந்தப் பாதை நெடியது என்பதால் ஸ்டெயின்பெர்க் கம்பெனி 1997-ல் ஆசியோ என்று ஒரு குறுக்குவழி வெட்டியது. தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்காதவர்கள் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரில் ஓட்டுகிறார்கள். கடைசியாகக் காற்று: ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் ஏறத்தாழ 3 மில்லி விநாடி. வயர் போட்ட ஹெட்போன் அந்த மூன்றையும் மிச்சம் பிடிக்கும்.

பதிந்துவிட்டது. இனிமேல்தான் அடிக்கு உண்மையான ஆபத்து. கானாவின் நடை பெரும்பாலும் திஸ்ரம். மூன்று மூன்றாகப் போகும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்ததும் விரியும் கட்டக் கோடுகளோ நான்கு நான்காகப் பிரித்தவை. அதன்மேல் குவான்டைஸ் பட்டனை அழுத்தினால் ஒவ்வோர் அடியும் பக்கத்துக் கோட்டுக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாக விழுந்தது நொண்டி நான்காகும். டிரிப்லெட் கட்டத்துக்கு மாற்றிவிட்டு அழுத்தினால் கணக்கு சரியாகும், உயிர் போய்விடும். மூன்றாவது அடி கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுவதில்தான் ஆட்டம் இருக்கிறது. அந்த மயிரிழை பத்து, பதினைந்து மில்லி விநாடி. அதைச் சுத்தம் செய்தவர் கானாவைச் சுத்தம் செய்துவிட்டார் என்று நான் சண்டை போடுவேன். பட்டனை அழுத்தாதவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. எஃப்எல் ஸ்டூடியோ ஒரு தாளத்தைத் தொடக்கத்தில் 96 பங்காகத்தான் பிரிக்கும். நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் ஒரு பங்கு 5 மில்லி விநாடிக்கு மேல். அதற்கு நடுவில் விழுந்த அடிக்கு இடமில்லை. பிராஜெக்ட் அமைப்பில் அதை 960 ஆக்கிவிட்டால் அரை மில்லி விநாடிவரை இடம் கிடைக்கும். ரெக்கார்டிங்குக்கு முன்னால் செய்ய வேண்டும். பிறகு செய்து பயனில்லை.

எண்ணிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. டேப்லட் 36 என்று அனுப்பினால் பெரிய டிரம் என்று அர்த்தம் என 1991-ல் வந்த ஜெனரல் மிடி பட்டியல் முடிவு செய்துவிட்டது. அந்தப் பட்டியலில் 128 வாத்தியம். சிதாருக்கு இடம் உண்டு, ஷெனாய்க்கு உண்டு, ஜப்பானின் தைகோவுக்கும் ஸ்காட்லாந்துப் பேக்பைப்புக்கும் உண்டு. நாதஸ்வரம், மிருதங்கம், பறை, டோலக் எதற்கும் எண் இல்லை. ஆகவே டோலக் சாம்பிள் செய்தவர்கள் ஆளுக்கொரு எண்ணில் வைத்தார்கள். டேப்லட்டில் 'கூம்' தட்டினால் லேப்டாப்பில் விளிம்புத் தட்டு கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. உட்கார்ந்து எண்ணை எண்ணோடு பொருத்துகிற வேலை ஒரு மாலைப் பொழுதைத் தின்னும். பட்டியலில் இடம் இல்லாததால் பாட்டு நிற்கவில்லை என்பதும் உண்மை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, பறையும் சட்டியும் டோலக்கும் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் சரிசமமாக நின்றன.

டோலக் அடி தொடங்கும், முடியும். அதன் பக்கத்து வீட்டுக்காரரான, சுரத்தை இழுத்து வளைக்கும் கமகத்தின் பாடு இன்னும் கஷ்டம். ஜியோஷ்ரெட் என்ற ஆப்பில் கண்ணாடிமேல் விரலை இழுத்து, கர்நாடக ராகங்களை ஐபேடில் வாசித்துக் காட்டியவர் மகேஷ் ராகவன். அந்த இழுப்பு மிடியில் போகும்போது மேலும் கீழுமாக 16,384 படிகளாக உடையும். படி நெருக்கம்தான். ஆனால் மொத்தம் எத்தனை சுரம் தூரத்தை அந்தப் படிகள் அளக்கின்றன என்பதை அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தனித்தனியே தீர்மானிக்கிறார்கள். டேப்லட்டில் 12 அரைச்சுரம், லேப்டாப்பில் வழக்கமான 2 என்று இருந்தால், ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுத்த இழுப்பு சதுஸ்ருதி ரிஷபத்தைக்கூடத் தொடாமல் நின்றுவிடும். இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணைப் போட்டால் போதும், கோளாறு தீர்ந்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியே வளைய வேண்டுமானால், சுரத்துக்கு ஒரு சானல் கொடுக்கும் எம்பிஇ முறை இருக்கிறது. அது 2018-ல் மிடி சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது.

பாட்டு முடிந்து, மிக்ஸ் ஆகி, யூடியூபில் ஏறி, ஏதோ ஓர் ஆட்டோவின் பின் ஸ்பீக்கரில் ஓடத் தொடங்கிய பிறகும் அந்த அடி லேப்டாப்பில் ஒரு ஃபைலாகக் கிடக்கும். அதைத் தட்டிய ஆப் அத்தனை நாள் இருக்குமா என்பது சந்தேகம்தான். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. அதில் இசை ஆப்களும் சேர்ந்தே போயின. ஆப்களுக்குள் சத்தம் கடத்த 2013-ல் ஆப்பிள் கொடுத்த இன்டர்-ஆப் ஆடியோவை 2019-ல் ஆப்பிளே கைவிட்டது. ஆனால் 1988-ல் வரையறுத்த மிடி ஃபைலை இன்றைய எந்தச் சாஃப்ட்வேரும் திறக்கும். 2020-ல் வந்த மிடி 2.0 அடியின் பலத்தை 127-லிருந்து 65 ஆயிரத்துச் சொச்சம் படிகளாக விரித்தது. பழைய ஃபைல்கள் அதன் கீழும் ஓடும்.

அதனால் விவரம் தெரிந்த இசை புரோகிராமர்கள் ராத்திரி மூடும் முன் இரண்டு பிரதி எடுக்கிறார்கள்: சத்தமாக ஒன்று, மிடியாக ஒன்று. மிடி ஃபைலின் பெயரிலேயே டெம்போவையும், எந்த எண் எந்த அடி என்பதையும் எழுதி வைத்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் நல்ல டோலக் சாம்பிள் ஒன்று கிடைத்தால் பழைய ஃபைலை அதன் தலையில் கட்டிவிட்டு, குரலை மட்டும் பழைய டேக்கிலிருந்து இழுத்துக்கொள்ளலாம்.